படகுக்குக் கடல், பனிவண்டிக்குப் பனி

கேள்வி: கியூபெக்கில் இருக்கும் என் மகன் பனிமேல் ஓடும் பழைய ஸ்னோமொபைல் வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறான். இம்முறை அங்கே பனி குறைவு. சிறிது தூரம் ஓடியதுமே எஞ்சின் சூடேறிச் சிவப்பு விளக்கு எரிகிறதாம். வண்டியின் முன்னால் உள்ள சறுக்குப் பலகைகளில் (முன்சறுக்குகளில்) சக்கரம் பூட்டினால் சரியாகிவிடும் என்கிறார்களாம். வாங்கலாமா?
- வாசகி, உப்புவெளி

பதில்: அம்மா, அந்தச் சக்கரம் எஞ்சினைக் காப்பாற்றாது. முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

முப்பது ஆண்டுகளாகத் திருக்கடலூர்க் கரையில் படகு எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டுகிறேன். பனியைக் கண்டதில்லை, ஆனால் இந்த நோயை அறிவேன். கரையில் கிடக்கும் படகின் எஞ்சினைத் தண்ணீர் கொடுக்காமல் முடுக்கினால், கடல்நீரை இழுக்கும் பம்பின் ரப்பர் இறக்கை கருகிவிடும். வேலை பழகிய நாளில் நானே ஒன்றைக் கருக்கியிருக்கிறேன். அந்த நாற்றம் இன்னும் நினைவில் இருக்கிறது.

உங்கள் மகனின் வண்டிக்குப் பனிதான் கடல். 1959இல் பொம்பார்டியர் நிறுவனம் வெளியிட்ட ஸ்கி-டூ என்னும் பனிவண்டியின் முதல் எஞ்சின் காற்றிலேயே குளிர்ந்தது. பின்னர் வலுவான எஞ்சின்கள் வந்தபோது நீரால் குளிர்விக்கத் தொடங்கினார்கள். அந்த நீர், வண்டியை ஓட்டும் ரப்பர்ப் பட்டைக்கு மேலே உள்ள அலுமினியக் குழல்களில் ஓடும். பட்டை சுழன்று வாரியடிக்கும் பனி அவற்றில் பட்டால்தான் சூடு தணியும். பட்டை உரசி ஓடும் உட்புறப் பிளாஸ்டிக் தண்டுகளுக்கு எண்ணெயும் அதே பனிதான். அது இல்லையென்றால் உராய்வில் பிளாஸ்டிக் உருகி, பட்டையின் உலோகக் கவ்விகளில் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே வாங்க வேண்டியது ஸ்கிராட்சர். பட்டையின் சட்டத்தில் இருபுறமும் பூட்டும் வில்கம்பி அது. இறுகிய பனியையும் பனிக்கட்டியையும் கீறி, அந்தப் பொடியைப் பட்டைக்குள் ஏற்றிவிடும். சில வகைகளைப் பின்னால் எடுக்கும் முன் தூக்கிவைக்க வேண்டும், மறந்தால் வளைந்துவிடும். கையில் பணம் மிஞ்சினால் பட்டைக்குள் சில சிறு சக்கரங்களையும் கூட்டிப் பூட்டலாம். பிளாஸ்டிக் தண்டின் மேல் விழும் பாரத்தை அவை வாங்கிக்கொள்ளும். முன்சறுக்குச் சக்கரமோ தார்ச்சாலையைக் கடக்கும்போது சறுக்கின் அடிக்கம்பி தேயாமல் காக்கும், அவ்வளவுதான்.

சிவப்பு விளக்கு எரிந்தால் வீடு வரை போய்விடலாம் என்று நினைக்கவே கூடாது. உடனே எஞ்சினை அணைத்துவிட்டு, கிடைக்கிற பனியை இருக்கைக்குப் பின்னால் பட்டையை மூடியுள்ள அலுமினியக் கூட்டின் மேல் அள்ளிப் போடட்டும். வெறும் மண்ணில் ஸ்கிராட்சராலும் பயனில்லை. கீறுவதற்கு அங்கே பனி ஏது?

இன்னொன்று. குளிர் குறைந்த ஆண்டில் ஏரியின் பனிக்கட்டியும் மெலிந்திருக்கும். குறுக்குவழி என்று அதன்மேல் வண்டியை இறக்க வேண்டாம் என்று இன்றிரவே தொலைபேசியில் சொல்லுங்கள், அம்மா. நான் எழுதுவதைவிட நீங்கள் சொன்னால் கேட்பான்.