யானைக்கால் நோயில் நிணநீர்க் குழாய்களைச் சிதைப்பது புழுவா, உடலின் எதிர்ப்பாற்றலா?

இரண்டுமே காரணம், ஆனால் வெவ்வேறு கட்டங்களில்.

இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் உச்செரேரியா பான்கிராஃப்டி புழு, திசுக்களில் சேரும் நீரை வடித்து இரத்தத்திற்குத் திருப்பும் நிணநீர்க் குழாய்க்குள் பல ஆண்டுகள் உயிர்வாழ்கிறது. அக்காலத்தில் இன்டர்லூக்கின்-10 என்ற புரதமும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்களும் அழற்சியை அடக்கிவைப்பதால், இரத்தத்தில் நுண்புழுக்கள் (புழு ஈனும் இளம்புழுக்கள்) இருந்தும் பலருக்கு வீக்கம் தெரிவதில்லை. ஆயினும் அவர்களுடைய குழாய்கள் நலமாக உள்ளன என்று கருதிவிடக் கூடாது. அல்ட்ராசவுண்ட் பரிசோதனையில், விதைப்பையின் நிணநீர்க் குழாய்கள் விரிந்திருப்பதையும் அவற்றினுள் புழுக்கள் ஓயாமல் நெளிவதையும் நேரிலேயே காணலாம். எதிர்ப்பாற்றலின் முக்கிய அணுக்களான டி, பி செல்கள் இல்லாத ஆய்வக எலிகளுக்கு, இந்நோயை உண்டாக்கும் மற்றொரு புழுவான புருகியா மலாயியைச் செலுத்தியபோதும் குழாய்கள் விரிந்தன. ஆகவே தொடக்கச் சேதத்திற்கு முழு எதிர்ப்பாற்றல் தேவையில்லை.

புழு இறக்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. அதன் உடலுக்குள் வாழும் உல்பாக்கியா பாக்டீரியாக்கள் வெளிப்பட்டு, நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டுகின்றன. இறந்த புழுவைச் சுற்றி அணுக்கள் திரண்டு முடிச்சாகின்றன. குழாய்ச் சுவரை வளரத் தூண்டும் விஇஜிஎஃப் புரதங்களும் பெருகுகின்றன. இந்த அழற்சி அடங்காமல் நீடிப்பவர்களுக்கே குழாய்கள் தழும்பேறி, வால்வுகள் செயலிழந்து, வீக்கம் நிலைத்துவிடுகிறது.

இதற்குப் பின் நோயை முற்றச்செய்வதில் பெரும்பங்கு, கால்விரல் இடுக்கு வெடிப்புகள் வழியே நுழையும் பாக்டீரியாக்களுக்கு உரியது. வடிகால் கெட்ட காலில் அவற்றை எதிர்க்கும் ஒவ்வொரு காய்ச்சலும் மேலும் தழும்பை உண்டாக்குகிறது. அதனால்தான் மருந்துடன், தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைக்கும்படி மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள்.