ஃபின்ச் கூண்டில் யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது

கேள்வி: 8 அடி நீளம், 4 அடி அகலம், 6 அடி உயரத்தில் கூண்டு கட்டி, 3 ஜோடி ஜீப்ரா ஃபின்ச் (தானியம் தின்னும் சிறு குருவி) விட்டிருக்கிறோம். கூண்டு வெறிச்சென்று இருக்கிறது. கூடவே வேறு என்ன பறவை வாங்கலாம்?

பதில்: குஞ்சு எடுக்கப் போகிறீர்களா, பார்த்து ரசிக்க மட்டுமா? பறவையைத் தேர்ந்தெடுக்கும் முன் இதை முடிவு செய்யுங்கள். தீனிக்காக ஃபின்ச்சுகள் போடும் சண்டை சில்லறைச் சண்டை. ஒரு தட்டுக்கு இரண்டு தட்டு வைத்தால் அடங்கிவிடும். இறகைப் பிடுங்குவது, முட்டையை உருட்டித் தள்ளுவது, குஞ்சை வெளியே எறிவது எல்லாம் கூட்டுக்காக நடப்பவை. கூடே இல்லாத கூண்டில் மாதக்கணக்கில் சாதுவாக இருந்த பறவை, கூடு கட்டப் பானையைத் தொங்கவிட்ட சில நாட்களில் ஆளே மாறிவிடும்.

ஆகவே உங்கள் ஜீப்ராவோடு மோதாத இடத்தில் வாழும், வேறு மாதிரி கூடு கட்டும் பறவைகளாகப் பாருங்கள். இந்த அளவு கூண்டுக்கு 2 ஜோடி பெங்காலீஸ் (இதுவும் ஒரு ஃபின்ச்), 1 ஜோடி டைமண்ட் டவ் (சின்னப் புறா), 1 ஜோடி பட்டன் காடை போதும். காடை தரையை விட்டு ஏறாது. டவ் தரையில் மேய்ந்துவிட்டு நடு உயரக் குச்சியில் உட்காரும். அதற்குத் திறந்த தட்டு மாதிரிக் கூடுதான் பிடிக்கும், பானைக்குள் நுழையாது. பெங்காலீஸ் சண்டைக்கே போகாது. ஆனால் கூட்டம் கூட்டமாக ஒரே கூட்டில் அடைந்து தூங்கும் வழக்கம் அதற்கு உண்டு. ஜீப்ராவின் பானைக்குள் நாலைந்து பெங்காலீஸ் புகுந்தால் முட்டை நசுங்கும். அதனால் ஜோடிகளின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கு கூடுகளை, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில், ஒன்றுக்கொன்று தள்ளி வையுங்கள். உயரத்தில் ஒரே ஒரு கூடு இருந்தால் எல்லோருக்கும் அதுதான் வேண்டும்.

மொத்தம் 14 பறவை. இதோடு நிறுத்திவிடுங்கள். கூடு வைத்தால் ஜீப்ரா பெருகப் போவது நிச்சயம். அந்தக் குஞ்சுகளுக்கும் இடம் வேண்டும்.

கேள்வி: கடையில் பட்ஜியும் (சிறு கிளி) ஃபின்ச்சும் ஒரே கூண்டில் இருந்தன. "ஒன்றும் செய்யாது, நீங்களே பாருங்கள்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். கடைக்கூண்டில் நெரிசல் அதிகம். எந்தப் பறவைக்கும் சொந்தமாக ஒரு மூலை கிடையாது. வருவதும் போவதும் சில நாட்களுக்குள் முடிந்துவிடுகிறது. அந்த அமைதி உங்கள் கூண்டில் நிலைக்காது.

பட்ஜியிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதன் வளைந்த அலகு எதையும் கடித்துப் பார்க்கும். பக்கத்தில் உட்கார்ந்த ஃபின்ச்சின் கால் தீக்குச்சியைவிட மெல்லியது. ஒரு கடியில் விரல் போய்விடும். கூட்டுப் பெட்டிக்குள் தலையை விட்டுக் குஞ்சைக் கொல்வதும் நடக்கும். இன்னொரு சிறு கிளியான ஆப்பிரிக்க லவ் பேர்ட் இதைவிட மோசம். எவ்வளவு பெரிய கூண்டானாலும் வேண்டாம்.

ஜாவா குருவி, கட் த்ரோட் இரண்டும் ஃபின்ச் என்ற பெயரிலேயே விற்பனைக்கு வரும். ஜாவா ஜீப்ராவைப் போல் இரு மடங்கு எடை, தடித்த அலகு. உங்கள் கூண்டில் நல்ல கூடு எல்லாம் அதற்குத்தான் போகும். கட் த்ரோட் அடைகாக்கும் காலத்தில் அடுத்தவர் கூட்டுக்குள் புகுந்து கலைக்கும். சிறிய ஃபின்ச்சுகளோடு இரண்டையுமே சேர்க்காமல் இருப்பது நல்லது.

கேள்வி: கோல்டியன் ஃபின்ச் நிறத்தில் மயங்கிவிட்டோம். ஜீப்ராவோடு விடலாமா?

பதில்: விடுகிறவர்கள் உண்டு. ஆனால் இழப்பு எப்போதும் கோல்டியனுக்குத்தான். அது ஒதுங்கிப் போகிற பறவை. ஜீப்ரா ஓயாமல் கூடு கட்டும். நார் தீர்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கோல்டியனின் முதுகு இறகைப் பிடுங்கிக் கூட்டில் செருகும். கோல்டியன் அடைகாக்கும் பெட்டிக்குள் நுழைந்து, முட்டைக்கு மேலேயே புதிதாக ஓர் அடுக்கு கட்டிவிடவும் செய்யும். கோல்டியன் எதிர்த்து நிற்காது, பெட்டியை விட்டுவிட்டுப் போய்விடும். கோல்டியன்களுக்குள்ளும் சிவப்புத் தலை முரடு, கருந்தலை சாது. இரண்டையும் கலந்து வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

குணத்தில் கோல்டியனுக்குப் பொருந்துவது ஸ்டார் ஃபின்ச், ஆந்தை ஃபின்ச் போன்றவை. பெங்காலீஸும் பொருந்தும், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. காக்ளோசோமா என்ற குடல் ஒட்டுண்ணியைப் பெங்காலீஸ் நோயில்லாமலே சுமந்து திரியும். கோல்டியன் குஞ்சுகளுக்கு அது தொற்றினால், முழுத் தானியம் செரிக்காமல் எச்சத்தில் வரும், குஞ்சு மெலிந்து செத்துப்போகும். பெங்காலீஸ் வளர்த்துத் தந்த கோல்டியன் குஞ்சுகளில் இது அதிகம். எச்சம் சூடு ஆறுவதற்குள் பறவை மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். காய்ந்துவிட்டால் ஒட்டுண்ணி செத்துப்போய்ச் சோதனை பயன்படாது. சேர்ப்பதற்கு முன் அந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

இன்னொன்று: நிறம் மாறி முடியாத, சாம்பல் பச்சையாக இருக்கும் இளங்கோல்டியனை விலை குறைவு என்று வாங்காதீர்கள். இறகு உதிர்க்கும் அந்தப் பருவத்தில்தான் அவை அதிகம் சாகின்றன. முழு நிறம் வந்ததையே வாங்குங்கள்.

கேள்வி: பட்டன் காடை சிந்திய தினையைத் தின்று தரையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் என்கிறார்களே?

பதில்: தின்னும்தான். ஆனால் அதை மட்டும் நம்பி விட்டால் பெட்டைக்குச் சத்து போதாது. முட்டை ஓடு மெலியும், முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கோழிக்குஞ்சுக்கான முதல் பருவத் தீவனத்தைப் பொடித்து, புரதம் 20 சதவீதத்துக்குக் குறையாமல், தரையில் தனித் தட்டில் கொடுங்கள். கூடவே நொறுக்கிய கணவாய் ஓடு.

ஒரு ஜோடிக்கு மேல் வேண்டாம். இரண்டு சேவல் இருந்தால் ஒன்று மண்டை உரிந்து கிடக்கும். பயந்தால் காடை நேர் மேலாக, ராக்கெட் மாதிரி எம்பும். கூரைக் கம்பியில் மோதித் தலை உடைவது இதன் வழக்கமான சாவு. கூரைக்குக் கீழே ஒரு சாண் தள்ளித் துணிவலை ஒன்றைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். தரையில் புதர் போல் ஒரு மறைவிடம், அதற்கு நேர் மேலே குச்சி இல்லாமல். இருந்தால் ஃபின்ச் எச்சம் முழுக்கக் காடையின் முதுகிலும் தீனியிலும் விழும்.

குஞ்சு பொரித்தால் அவை கட்டெறும்பு மாதிரி ஓடும். அரை அங்குல வலைக் கண்ணில் நுழைந்து வெளியே போய்விடும். கூண்டின் அடிப்பகுதியில் ஓர் அடி உயரத்துக்குப் பலகையோ தகடோ அடித்து வையுங்கள். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டுகளை நிரப்புங்கள், இல்லையென்றால் குஞ்சு மூழ்கும்.

கேள்வி: டைமண்ட் டவ் தீனித்தட்டிலேயே உட்கார்ந்துகொண்டு நகர மறுக்கிறது. ஃபின்ச்சுகள் பட்டினி.

பதில்: டவ்வுக்குக் கீழே அகலமான தட்டு, ஃபின்ச்சுக்கு மேலே சிறு குச்சி வைத்த குழாய்த் தீனிப்பெட்டி என்று பிரித்துவிடுங்கள். டவ் தானியத்தை உரிக்காமல் முழுதாக விழுங்கும், அதற்குச் சிறு கல் மணலும் வேண்டும். இரவில் ஏதாவது சத்தம் கேட்டால் டவ் படபடத்துக் கூண்டையே கலக்கிவிடும். மங்கலான ஒரு விளக்கு எரியட்டும்.

கேள்வி: ஒரு கேனரி (பாடும் சிறு பறவை) சேர்க்கலாமா?

பதில்: உங்களிடம் இடம் இருந்தால் ஒன்றே ஒன்று, ஆண். இரண்டு ஆண் கூடாது. மூச்சுக்குழாய் உண்ணி கேனரிக்கும் கோல்டியனுக்கும் பொது என்பதால், கோல்டியன் இருக்கும் கூண்டில் யோசித்துச் செய்யுங்கள்.

கேள்வி: வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? எப்படி உள்ளே விடுவது?

பதில்: கூண்டுக்குப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள், கிட்டே போனால் நோயுள்ள பறவையும் விறைப்பாக உட்கார்ந்து நடிக்கும். இறகைப் புடைத்திருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, ஆசனவாயில் எச்சம் ஒட்டியிருப்பது, எதுவானாலும் வேண்டாம். கையில் எடுத்துக் காதருகே வையுங்கள். மூச்சில் 'டிக் டிக்' சத்தம் கேட்டால் உண்ணியாக இருக்கலாம். பெங்காலீஸில் ஆண், பெண் ஒரே தோற்றம், பாடுவதே ஆண். பாடும்போது பார்த்துக் குறித்துக்கொண்டால்தான் ஜோடி சரியாக அமையும். அலகு கறுப்பாக உள்ள ஜீப்ரா இன்னும் குஞ்சு.

வீட்டில் குறைந்தது 30 நாள் வேறு அறையில் வையுங்கள். பிறகு எல்லாக் கூடுகளையும் எடுத்துவிட்டு, குச்சிகளை இடம் மாற்றி, காலையில் புதியவற்றை ஒன்றாக விடுங்கள். பழையவைக்கும் இடம் புதிதாகத் தெரிந்தால் உரிமை கொண்டாட மாட்டா. இரண்டு வாரம் கழித்துக் கூடு தொங்கவிடுங்கள். நார் இழைகள் விரல் நீளத்துக்கு மேல் வேண்டாம், காலில் சுற்றிக்கொள்ளும்.

குஞ்சே வேண்டாம் என்று கூடு வைக்காவிட்டால், ஜீப்ரா தீனித்தட்டில் முட்டையிடும். தட்டு ஆழமில்லாததாக இருக்கட்டும், வேகவைத்த முட்டை கலந்த உணவை நிறுத்துங்கள். துரத்தல் மட்டும் என்றால் பொறுக்கலாம். ஒரே பறவையின் பிடரி மொட்டையானாலும், ஒரு பறவை எப்போதும் தரை மூலையிலேயே இருந்தாலும், அன்றே துரத்துகிற ஜோடியை எடுத்து வேறு கூண்டில் விடுங்கள். அடி வாங்கியதை எடுத்தால் துரத்துகிற ஜோடி அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும்.