முடியை விட மெல்லிய பளபளப்பு: கார் பெயிண்ட் பற்றி வாசகர் கேள்விகள்

சேர்ந்து கிடந்த கேள்விகளை ஒரே மூச்சில் படித்தேன். பெரும்பாலானவர்களுக்கு ஒரே அவசரம்: எதைத் தேய்த்தால் மின்னும்? தேய்ப்பதற்கு முன் ஒரு கணக்கு. தொழிற்சாலையில் அடித்து வரும் பெயிண்ட், எல்லா அடுக்கும் சேர்த்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, நிறம் பிடிக்க உதவும் பிரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் எனும் நிறமில்லாத, ஒளி ஊடுருவும் பூச்சு. இந்தக் கிளியர் கோட்டின் பங்கு 40 அல்லது 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பாலிஷ் போடுவது என்றால், முடியளவுகூட இல்லாத அந்தத் தோலிலிருந்து கொஞ்சம் சீவி எடுப்பது. கீழே பல இடங்களில் நான் கஞ்சத்தனமாகப் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

ஒன்பது வருடப் பழைய கருநீலக் கார். நிழலில் அழகாக இருக்கிறது. வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை கட்டியது போல வட்ட வட்டமாகக் கீறல்கள். வீட்டிலேயே ரப்பிங் காம்பவுண்ட் போடலாமா?

முதலில் ஒரு வேடிக்கை. அந்தக் கீறல்கள் வட்டமாக இல்லை. நேராகவும் சாய்வாகவும் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. சூரியனின் பிம்பத்தைச் சுற்றி, ஒளியைச் சரியாக உங்கள் கண்ணுக்குத் திருப்பிவிடும் கோணத்தில் இருப்பவை மட்டும் மின்னுவதால் வட்டம் போலத் தெரிகிறது. இரவில் டார்ச் விளக்கை பானட்டின் மேல் நகர்த்திப் பாருங்கள், வலையும் கூடவே நகரும்.

இவை கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவை. காலையில் உலர்ந்த துணியால் தூசி தட்டுவதுதான் முதல் குற்றவாளி. தூசியில் மணல் துகள் இருக்கிறது; துணி அதைப் பெயிண்ட் மேல் இழுத்துக்கொண்டு போகிறது. இந்தப் பழக்கத்தை நிறுத்தாமல் பாலிஷ் போட்டால் ஆறு மாதத்தில் வலை திரும்பிவிடும். போன கிளியர் கோட் மட்டும் திரும்பாது.

இனி வேலை. காரை நன்றாகக் கழுவி, நிழலில் நிறுத்தி, உலோகம் கைக்குக் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். பானட்டில் இரண்டு கை அகலத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு சதுரம் பிரித்துக்கொள்ளுங்கள். காம்பவுண்ட் கரடுமுரடான தேய்ப்புப் பசை, அதைத் தொடாதீர்கள். மிக மென்மையான பாலிஷ், மென்மையான நுரைப் பஞ்சு (ஃபோம் பேட்), இவை இரண்டிலிருந்தே ஆரம்பம். பஞ்சில் பட்டாணி அளவில் நான்கு சொட்டு போதும். மெதுவாக, குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதைப் பாதி மூடும்படி நான்கைந்து முறை ஓட்டுங்கள். பிறகு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள்.

இப்போது கண்ணை நம்பாதீர்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்து அவை மறைந்துவிட்டதாகக் காட்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து ஒரு முறை துடைத்துவிட்டுப் பாருங்கள். உண்மை அப்போதுதான் தெரியும். நூற்றில் எழுபது கீறல் போயிருந்தால் அங்கேயே நிறுத்திவிடச் சொல்வேன். மீதி முப்பதைத் துரத்திப் போகிறவர்கள்தான் கிளியர் கோட்டைத் தீர்த்துக்கட்டுகிறார்கள். கொஞ்சமும் போகவில்லை என்றால் மட்டும் ஒரு படி காரம் கூட்டுங்கள்: முதலில் பஞ்சை மாற்றுங்கள், அப்புறம் பாலிஷை.

இயந்திரம் வாங்குவதாக இருந்தால் டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் வாங்குங்கள். அது சுற்றிக்கொண்டே தள்ளாடும். அதனால் ஒரே இடத்தில் சூடு ஏற்றாது. சும்மா சுழலும் ரோட்டரி வகை கை பழகியவர்களுக்கு. நான் கை பழகிவிட்டதாக நினைத்துக்கொண்ட காலத்தில், நண்பர் ஒருவரின் கார் பானட் மடிப்பில் ரோட்டரியை மூன்று நொடி நிறுத்திவிட்டேன். விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறப் பிரைமர் எட்டிப் பார்த்தது. ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் மெலிதாகத்தான் படிந்திருக்கும். அன்று முதல் எல்லா ஓரங்களுக்கும் டேப் ஒட்டாமல் சுவிட்சைத் தொடுவதில்லை.

மிகப் பழைய சிவப்புக் கார். கூரை வெளிறி ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. துடைத்தால் துணியில் சிவப்பு ஒட்டுகிறது. பெயிண்ட் போய்விட்டதா?

போகவில்லை, நல்ல செய்தி. துணியில் நிறம் ஒட்டுகிறது என்றால் உங்கள் காரில் கிளியர் கோட் கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் உள்ள பழைய வகை. மேற்பரப்பு மட்டும் வெயிலில் சுண்ணாம்பு போலப் பொடிந்திருக்கிறது. அந்தப் பொடியைப் பாலிஷ் போட்டு நீக்கினால் அடியில் பழைய சிவப்பு அப்படியே இருக்கும். இந்தத் தொழிலில் இதைவிட மனநிறைவு தரும் வேலை எனக்குத் தெரியாது: பாதிக் கூரையை முடித்துவிட்டு ஓர் அடி பின்னால் நின்று பார்த்தால் இரண்டு கார்களை வெட்டி ஒட்டியது போல இருக்கும்.

பஞ்சு முழுக்கச் சிவப்பாகும், பயப்பட வேண்டாம். ஆனால் பஞ்சை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். அடைபட்ட பஞ்சு வெட்டாது, வழுக்கும். முடித்த அன்றே மெழுகு பூசுங்கள். பூசாமல் விட்டால் அடுத்த கோடைக்குள் ரோஜா மறுபடி பூக்கும்.

பானட்டிலும் கூரையிலும் வெள்ளைத் திட்டுகள். ஓரங்கள் வெயிலில் உரிந்த தோல் மாதிரி எழும்பி நிற்கின்றன. எந்த பாலிஷ் நல்லது?

எதுவும் இல்லை. கிளியர் கோட் செத்து உரிகிறது. புற ஊதாக் கதிர் வருடக்கணக்காக அதை உள்ளுக்குள் நொறுக்கியிருக்கிறது. இல்லாத ஒன்றைத் தேய்த்து வரவழைக்க முடியாது; பாலிஷர் வைத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓரமும் கழன்று திட்டு பெரிதாகும்.

சிலர் உரிந்த இடத்தில் மட்டும் ஸ்பிரே டப்பாவில் கிளியர் அடித்துக்கொள்கிறார்கள். சுற்றிலும் உள்ள ஓரம் ஏற்கெனவே பிடிப்பு விட்டிருப்பதால் புதியதையும் இழுத்துக்கொண்டு கிளம்பும். வெளிறிய நிறம் வெளிறியபடியே கண்ணாடிக்குள் வைத்தது போலத் தெரியும். ஒழுங்கான வழி, அந்தப் பாகம் முழுவதையும் தேய்த்து இறக்கி, நிறமும் கிளியரும் மறுபடி அடிப்பதுதான். பெயிண்டரிடம் ஒன்று கேளுங்கள்: பக்கத்துப் பாகத்திலும் நிறத்தைக் கொஞ்சம் பரவவிட்டுக் கலப்பாரா? மெட்டாலிக் நிறங்களில் அப்படிக் கலக்காவிட்டால், புதிய பானட்டும் பழைய ஃபெண்டரும் இரண்டு வெவ்வேறு கார்களுடையவை என்று எவரும் சொல்லிவிடுவார்கள்.

இப்போதைக்குச் செலவு செய்ய முடியாது என்றால் அப்படியே ஓட்டுங்கள். அசிங்கம்தான், ஆனால் ஆபத்து உடனடியாக இல்லை. நிறமும் பிரைமரும் தாங்கும் வரை துரு வராது.

கீறலுக்குப் பற்பசை தேய்த்தால் போய்விடும் என்கிறார்களே?

பற்பசையும் ஒரு தேய்ப்புப் பொருள்தான். பல்லின் எனாமலுக்காகச் செய்தது. கீறலைச் சுற்றி மங்கலான ஒரு வட்டத்தை உருவாக்கும், கீறல் அப்படியே இருக்கும். மண்ணெண்ணெய் துடைத்தால் மின்னுகிறதே என்று கேட்ட இன்னொருவருக்கும் இங்கேயே பதில்: அது ஈரத்தின் மினுமினுப்பு. உலர்ந்ததும் இருந்த மெழுகையும் கழுவிக்கொண்டு போயிருக்கும்.

சாவியால் யாரோ கதவில் நீளமாகக் கோடு போட்டுவிட்டார்கள். பாலிஷில் போகுமா, டச்-அப் வேண்டுமா?

விரல் நகத்தைக் கோட்டின் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகம் தடுக்காமல் போனால் பாலிஷில் மறையலாம், குறைந்தது மங்கும். நகம் தடுக்கினால் பாலிஷால் அதை முழுதாக எடுக்க முயலாதீர்கள். பள்ளத்தின் அடிவரை சுற்றுப்புறம் முழுவதையும் தேய்த்து இறக்க வேண்டியிருக்கும். அடியில் சாம்பல் அல்லது வெள்ளை தெரிந்தால் பிரைமர். பளிச்சென்ற உலோகம் தெரிந்தால் துரு வருவதற்குள் முந்திக்கொள்ளுங்கள்.

டச்-அப் என்பது கீறலில் மட்டும் தொட்டு நிரப்பும் பெயிண்ட். அதை நிறத்தைக் கண்ணால் பார்த்து வாங்காதீர்கள். வெள்ளையிலேயே எத்தனையோ வெள்ளை இருக்கிறது. பெரும்பாலான கார்களில் கதவுத் தூணிலோ பானட்டின் அடியிலோ உள்ள தகட்டில் நிறக் குறியீடு இருக்கும். அதைச் சொல்லி வாங்குங்கள்.

பாட்டிலோடு வரும் தூரிகையைத் தூக்கிப் போடுங்கள்; அது நகப்பூச்சுத் தூரிகை மாதிரி, கோட்டை விட நான்கு மடங்கு அகலம். பல் குத்தும் குச்சியின் நுனி போதும். கோட்டை ஆல்கஹாலால் சுத்தம் செய்து உலரவிட்டு, குச்சி நுனியில் ஒரு துளி எடுத்துப் பள்ளத்தைத் தொடுங்கள். தீட்டாதீர்கள். பெயிண்ட் தானாகவே பள்ளத்துக்குள் ஊர்ந்து போகும், பார்க்க அழகாக இருக்கும். உலரும்போது அது சுருங்கிக் கீழே இறங்கும்; அதனால் நன்றாக உலரவிட்டு மறுபடி ஒரு துளி. இப்படி மூன்று, நான்கு முறை. அதன் மேல் கிளியர் இதே போல. கடைசியில் மேடு சுற்றுப்புறத்தை விட மயிரிழை உயர்ந்து நிற்க வேண்டும்.

அந்த மேட்டை 2000, பிறகு 3000 எண் வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் மிக நுண்ணிய மணல்தாள்) சோப்புத் தண்ணீரில் சமப்படுத்தி பாலிஷ் போடலாம் என்று எல்லாரும் எழுதுவார்கள். செய்யத் தெரிந்தவர் செய்யலாம். முதல் முறை செய்கிறவருக்கு என் ஆலோசனை, மேட்டை அப்படியே விட்டுவிடுங்கள். மூன்றடி தள்ளி நின்றால் தெரியாது, துருவும் வராது.

பறவை எச்சத்தை இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன். துடைத்த பிறகும் அதே வடிவில் தழும்பு.

எச்சத்தில் இருக்கும் அமிலம் மட்டுமல்ல, வெயிலும் சேர்ந்து செய்யும் வேலை இது. பகலில் கிளியர் கோட் சூட்டில் இளகி விரிகிறது. மாலையில் குளிர்ந்து சுருங்கும்போது மேலே காய்ந்து கெட்டியான எச்சத்தின் வடிவத்தையே அச்செடுத்துக்கொள்கிறது. லேசான தழும்பு மென்மையான பாலிஷுக்குப் போகும். வெடிப்பு விட்டிருந்தால் போகாது.

அடுத்த முறை உலர்ந்ததைச் சுரண்டாதீர்கள், அதில் மணலும் விதைத் துண்டுகளும் இருக்கும். நனைத்த துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டுவிட்டு, மெல்ல வழித்து எடுங்கள்.

கழுவி வெயிலில் உலரவிட்டேன். கார் முழுக்க வெள்ளை வெள்ளையாக நீர்ப் புள்ளிகள்.

உப்புத் தண்ணீர். நீர் ஆவியாகி, அதிலிருந்த கால்சியம் போன்ற தாதுக்கள் மட்டும் தங்கிவிட்டன. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரி பாதியாகக் கலந்து, நிழலில், துணியை நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வைத்துத் துடையுங்கள். உடனே நல்ல தண்ணீரால் அலசுங்கள். அதற்கும் அசையாத புள்ளி பெயிண்டுக்குள் அரித்துவிட்டது என்று அர்த்தம், பாலிஷ்தான்.

வெள்ளைக் காரில் ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள், நூற்றுக்கணக்கில். துரு உள்ளிருந்து வருகிறதா?

ஏறக்குறைய நிச்சயமாக இல்லை. பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளத்திலிருந்தும் பறக்கும் இரும்புத் துகள்கள் பெயிண்டில் குத்தி நின்று, அங்கேயே துருப்பிடிக்கின்றன. கறுப்புக் காரிலும் இதே அளவு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கையில் மெல்லிய பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, கழுவி முடித்த பானட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தோன்றியது உப்புத்தாள் போல நெருடும்.

இரும்பைக் கரைக்கும் திரவம் கிடைக்கிறது. குளிர்ந்த பெயிண்டில் தெளித்ததும் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஊதா நிறம் கசிந்து வழியும். நாற்றம் தாங்காது; கையுறை போடுங்கள், உலரவிடாமல் அலசுங்கள். மிச்சம் இருப்பதை கிளே பார் எனும் மென்மையான களிமண் கட்டி எடுக்கும். சோப்புத் தண்ணீர் தாராளமாக விட்டு, அழுத்தாமல் வழுக்கிக்கொண்டு போங்கள். களிமண் தரையில் விழுந்துவிட்டால் விலையை நினைக்காமல் குப்பையில் போடுங்கள். அது இப்போது மணல்தாள்.

செராமிக் கோட்டிங் போட்டால் இனி கீறலே விழாது, “9எச்” கடினம் என்கிறார்கள்.

அந்த 9எச் பென்சில் அளவுகோல். பூச்சின் மேல் வெவ்வேறு கடினப் பென்சில்களை இழுத்துப் பார்க்கும் சோதனை. மணல் துகளுக்குப் பென்சிலைப் பற்றிக் கவலை கிடையாது. செராமிக் பூச்சு ஓரிரு மைக்ரான் அளவுதான். அழுக்கு ஒட்டாமல் சுலபமாகக் கழுவ வரும், எச்சத்துக்கும் வேதிப்பொருளுக்கும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நல்ல பொருள்தான், கவசம் அல்ல. முக்கியமாக, போடுவதற்கு முன் பாலிஷ் முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இருக்கும் கீறல்களுக்கே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியதாக ஆகும்.

கதவின் அடி ஓரத்தில் பெயிண்ட் கொப்புளம் விட்டிருக்கிறது.

துரு, உள்ளிருந்து. இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வெளியே உள்ள வேலை. டிங்கரிங் ஆளிடம் காட்டுங்கள். மேலே பட்டி பூசி மூடித்தருகிறேன் என்பவரிடம் வேண்டாம்.

போன வாரம்தான் பம்பருக்கு பெயிண்ட் அடித்தோம். மெழுகு எப்போது?

கழுவுவது சரி, மெழுகு வேண்டாம். பட்டறையில் அடித்த பெயிண்டிலிருந்து கரைப்பான் வெளியேறிக்கொண்டே இருக்கும். 30 முதல் 60 நாள் பொறுங்கள். பெயிண்டர் இதைவிட அதிகம் சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

என் காரில் மேட் பெயிண்ட். ஒரு பக்கம் மங்கலாக இருந்ததால் சாதாரண பாலிஷ் போட்டேன். இப்போது அந்த இடம் மட்டும் மின்னுகிறது. திரும்ப மேட் ஆக்குவது எப்படி?

மேட் பெயிண்ட் மின்னாமல் இருப்பது அதன் நுண்ணிய மேடுபள்ளத்தால். அதை நீங்கள் சமப்படுத்திவிட்டீர்கள். பாலிஷின் எண்ணெய் மட்டும் படிந்திருக்கிறதா என்று ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்துப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் மினுமினுப்பு அதோடு போகும். போகவில்லை என்றால் அந்தப் பாகத்துக்கு மறுபடி பெயிண்ட்தான். அதுவரை மீதிப் பக்கங்களையும் மின்ன வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.