போலீஸ் தேர்வு ஓட்டத்தில் கட்டும் சிப் சரியாக நேரம் காட்டுமா?

"ஓடி முடித்தும் சுற்று குறைகிறது என்கிறார்களே, எப்படி?" என்பது கேள்வி. பெரும்பாலும் காரணம் சிப் அல்ல, அதைக் கட்டிய விதம்.

தெலங்கானா காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1600 மீட்டர், 7 நிமிடம் 15 நொடி. 400 மீட்டர் தடத்தில் இது சரியாக 4 சுற்று. சிப்பில் பேட்டரி கிடையாது. கோட்டில் உள்ள ஆன்டெனா அனுப்பும் 865–867 மெகாஹெர்ட்ஸ் அலையில் உயிர்பெற்றுத் தன் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். நேரத்தைக் குறிப்பது ரீடர், அதாவது ஆன்டெனாவோடு இணைந்த கருவி. ஆக, கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று என, தொடக்கத்தோடு சேர்த்து ஒருவருக்கு 5 பதிவு வரவேண்டும்.

இந்த அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். வியர்த்த உடம்போடு ஒட்டிக் கிடக்கும் சிப்பை ரீடர் தவறவிடலாம். ஆன்டெனா தரைவிரிப்பில் இருந்தால் கணுக்காலில் கட்டுவதே நல்லது.

ஒருவருக்கு 98, 101, 206 நொடி என மூன்றே சுற்று பதிவாகிறது என்று வையுங்கள். மொத்தம் 6 நிமிடம் 45 நொடி. 206 என்பது இரண்டு சுற்றாக இருக்கலாம். பாதியில் ஒதுங்கி நின்று மறுபடி சேர்ந்ததாகவும் இருக்கலாம். மென்பொருளை ஊகிக்க விடக் கூடாது. கோட்டைப் பார்க்கும் வீடியோவில் அவர் நெஞ்சில் குத்தியுள்ள எண்ணைத் தேடிப் பார்த்த பிறகே முடிவு.

எதிர்த்தவறும் உண்டு. ஒரே கடப்பில் பல பதிவு விழும். 50 நொடிக்குள் வரும் மறுபதிவைத் தள்ளும்படி அமைக்கலாம் (400 மீட்டர் உலக சாதனையே 43 நொடி). ஓடி முடித்தவர் விரிப்பருகே மூச்சு வாங்கி நின்றால் அந்த வடிகட்டியும் உதவாது, உடனே நகர்த்த வேண்டும்.

ஆள்மாறாட்டத்தை சிப் கண்டுபிடிக்காது. சிப் கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் கைரேகை பார்க்க வேண்டும்.