கேள்வி – பதில்: என் மடிக்கணினியில் இந்த விளையாட்டு ஓடுமா?

கேள்வி: நான் வாங்க நினைக்கும் கணினி விளையாட்டுக்கு 8 ஜிபி ரேமும் 4 ஜிபி கிராபிக்ஸ் நினைவகமும் தேவை என்கிறார்கள். என் மடிக்கணினியில் அவை உள்ளனவா என்று எப்படி அறிவது?

பதில்: விண்டோஸ் கணினியாக இருந்தால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி, திறக்கும் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் செல்லுங்கள், பிராசசர், ரேம், கிராபிக்ஸ் சிப் ஆகியவற்றின் விவரம் அங்கேயே கிடைக்கும். ரேமைப் பார்ப்பது எளிது. பலரும் ஏமாறுவது கிராபிக்ஸில்தான். ‘ஜிபியு 0’ (ஜிபியு என்பது கிராபிக்ஸ் சிப்) என்று ஒன்று மட்டும் இருந்து, அதன் பெயர் இன்டெல் யுஎச்டி என்றிருந்தால், அது தனக்கென்று பெரிய நினைவகம் இல்லாமல் ரேமிலிருந்து கடன் வாங்கிப் பிழைக்கும் சிப். 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் ‘ஷேர்டு’ (ரேமிலிருந்து பகிர்ந்துகொள்வது) என்ற இடத்தில் ஏறக்குறைய 4 ஜிபி காட்டுவதைக் கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள். விளையாட்டு கேட்பது ‘டெடிகேட்டட்’ (சிப்புக்கென்றே உள்ள தனி நினைவகம்) என்ற இடத்தில் உள்ள அளவை.

தனி கிராபிக்ஸ் இருந்தாலும் பெயரை மட்டும் நம்ப முடியாது. 2021இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 என்ற கிராபிக்ஸ் சிப், மேசைக்கணினிக்கு 12 ஜிபியுடன் வெளியானது. மடிக்கணினிக்கோ 6 ஜிபிதான். மேலும், குறைந்தபட்சத் தேவை என்பது விளையாட்டு திறந்து ஓடும் என்பதற்கான அளவே என்பதால், பரிந்துரைக்கப்பட்ட அளவோடு ஒப்பிடுவதே என் பழக்கம். விளையாடும்போது சார்ஜரை இணைத்தே வையுங்கள். பேட்டரியில் சிப்பின் வேகம் குறைக்கப்படும்.