வடகரைப் பக்கம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 68 வயது. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். பத்து வருடமாகச் சர்க்கரை. நண்பர்கள் நான்கு பேர் ஆறு வருடமாகக் காலை ஐந்தரைக்கு ஹரித்ராநதித் தெப்பக்குளத்தை நான்கு சுற்று நடந்துகொண்டிருந்தோம். ஐப்பசியில் எனக்குச் சிக்குன்குனியா. கார்த்திகையில் எங்களில் ஒருவர், வடகரைக்காரர், காலமாகிவிட்டார். அதன்பின் நான் நடக்கப் போகவில்லை. நான்கு மாதம் ஆகிறது. பெங்களூரிலிருந்து மகன் ஒரு வாட்ச் அனுப்பியிருக்கிறான். தினமும் பத்தாயிரம் ஸ்டெப் நடக்கச் சொல்கிறது. வீட்டுக்குள் எனக்கு இரண்டாயிரம்தான் தேறுகிறது. சோறு குறைத்தது, இனிப்பை நிறுத்தியது எல்லாமே ஒவ்வொன்றாக நழுவிவிட்டன. மனம் வரவில்லை. இந்த வயதுக்குமேல் எதற்கு என்றும் தோன்றுகிறது.

வ., மன்னார்குடி

அன்புள்ள வ. சார்,

முதலில் அந்த வாட்சை ஒரு மாதம் மேஜை டிராயரில் போட்டுவையுங்கள். பத்தாயிரம் என்ற எண் மருத்துவ ஆய்விலிருந்து வந்ததல்ல. 1965இல் ஜப்பானில் யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவியை விற்றது. அதன் பெயர் ‘மான்போ-கேய்’, அதாவது பத்தாயிரம் ஸ்டெப் மீட்டர். விற்பனைக்கு வாகாக இருந்த எண் உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில், சராசரியாக 72 வயதான பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் நடையை அளந்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. நாளுக்கு 2,700 ஸ்டெப் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உங்கள் குளத்தை ஒருமுறை சுற்றினால் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர். வீட்டு நடையோடு அந்த ஒரு சுற்றைக் கூட்டிப் பாருங்கள். கணக்கு வாத்தியாருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

‘இந்த வயதுக்குமேல் எதற்கு’ என்று என் அம்மாவும் கேட்டாள். 74 வயதில் பாத்ரூமில் விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த சமயம். பிசியோதெரபி செய்ய வந்த பெண், ‘உங்களால என்ன செய்ய முடிஞ்சா போதும்மா?’ என்று கேட்டார். கோயில், பேரன் வீடு என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். ‘யாரையும் கூப்பிடாம பாத்ரூம் போய்ட்டு வரணும்’ என்றாள். அதற்குக் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழத் தெரிய வேண்டும். காலையில் ஃபில்டரில் டிகாஷன் இறங்கும் நேரம்தான் அந்தப் பயிற்சிக்கு என்று வைத்துக்கொண்டாள். முதல் வாரம் இரண்டு முறைதான் முடிந்தது, அதுவும் என் தோளைப் பிடித்துக்கொண்டு. இப்போது அவளுக்கு 81. நேற்று போன் செய்தால், ‘இரு, இன்னும் மூணு பாக்கி’ என்கிறாள். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவள் உற்சாகமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. டிகாஷன் இறங்குகிறது, எழுந்து உட்காருகிறாள்.

அம்மாவை விட்டுத் தள்ளுங்கள். 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்குப் பளுப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டே நடந்தார்கள். பயிற்சியை நிறுத்தி நான்கு வாரத்தில் அந்தப் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. நான்கு மாதம் உட்கார்ந்திருந்த உங்கள் கால்கள் தளர்ந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் 90 வயதில் திரும்பியது 68இல் திரும்பாதா?

சிக்குன்குனியாவின் மூட்டுவலி சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். அதனால் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட்டு, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியையும் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். மாத்திரையை மட்டும் விடாதீர்கள். காலையில் எழ முடியாத நாளில், சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம் தெருவிலேயே நடந்தாலும் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். சோறு, இனிப்பு விஷயத்தை அப்புறம் பார்ப்போம், எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கி நிறுத்த வேண்டாம். ஒருநாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சு என்றும் நினைக்காதீர்கள். ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் ஆகிறது என்று லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆனது. நடுவில் ஒருநாள் தவறியது பெரிய பாதிப்பாக இல்லை.

சரி, இவ்வளவும் சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தபோது கண்ணில் நின்றது வேறொன்று. காய்ச்சலுக்கும் வாட்சுக்கும் நடுவில், ஒரே வரியில், நண்பர் போனதைச் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். காய்ச்சல் மட்டும் என்றால் மார்கழியிலேயே குளக்கரைக்கு வந்திருப்பீர்கள். ஆறு வருடம் இருட்டில் எழுந்து போனது சர்க்கரைக்காக மட்டுமா சார்? மூன்று பேர் கரையில் நிற்பார்களே என்றுதானே. நண்பர் இல்லாத அந்தக் கரைக்குப் போக மனம் வராததைச் சோம்பல் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அது துக்கம்.

மற்ற இருவரும் இப்போது நடக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்தவர் கூப்பிடட்டும் என்று அவர்களும் வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். பங்குனித் திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இன்று சாயங்காலமே போன் செய்யுங்கள். ஒரு சுற்று என்று மட்டும் சொல்லுங்கள். வடகரையைத் தாண்டாமல் குளத்தைச் சுற்ற முடியாது. அதனால் நடப்பதற்கு முன்பே, மூன்று பேருமாக ஒருநாள் அந்த வீட்டுக்குப் போய் அவர் மனைவியோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.