தாத்தாவின் பழைய ரிவால்வர் அபூர்வமானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உசிலம்பட்டி வீட்டில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது, சிலிண்டரை (தோட்டாக்கள் உட்காரும் உருளையை) சுற்றி வளைந்து வளைந்து பள்ளம் ஓடுகிறது, காரைக்குடி பழம்பொருள் கடையில் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரை ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரிப்பவனாக வேலை பார்த்தவன் நான். படத்தைப் பார்த்ததும் மனசு துள்ளியது உண்மை.

முதலில் ஒன்று. டிரிக்கரில் விரல் வைக்காதீர்கள், திறந்து பார்க்கவும் வேண்டாம். எத்தனை வருடம் கிடந்தாலும் உள்ளே தோட்டா இருக்கலாம், அது வெடிக்கவும் செய்யும்.

நம்ம பக்கம் வெள்ளைக்காரன் காலத்து ரிவால்வர் என்று எங்களிடம் வந்தவை பெரும்பாலும் சாதாரண வெப்ளி. இங்கிலாந்தின் பர்மிங்காமில் வெப்ளி கம்பெனி தயாரித்தது. கட்டைவிரலால் கொக்கியைத் தள்ளினால் குழல் கீழே மடங்கும், காலித் தோட்டா மொத்தமும் வெளியே வந்து விழும். அதன் சிலிண்டரில் நேரான பள்ளங்கள்தான் இருக்கும். 1915-இல் வந்த .455 (தோட்டாவின் அளவு, அங்குலத்தில்) மார்க் 6 வெப்ளியும் அப்படித்தான். நல்ல துப்பாக்கி, ஆனால் அபூர்வம் இல்லை.

உங்களுடையது, ஃபாஸ்பெரி என்பவர் வடிவமைத்து வெப்ளி தயாரித்த வெப்ளி-ஃபாஸ்பெரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஃபாஸ்பெரி இந்தியாவில் பணியாற்றிய ராணுவ அதிகாரி, 1863 வடமேற்கு எல்லைச் சண்டையில் பிரிட்டனின் உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் வாங்கியவர். இந்த ரிவால்வரில் சுட்ட வேகத்தில் குழலும் சிலிண்டரும் சேர்ந்து பின்னால் நகரும். கைப்பிடிப் பாகத்தில் நிற்கும் ஒரு சிறிய முளை அந்தப் பள்ளத்துக்குள் ஓடி, போகும்போது பாதியும் திரும்பும்போது பாதியுமாக சிலிண்டரைச் சுற்றிவிடும். தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியலும் அடுத்த சூட்டுக்குத் தானே ஏறிக்கொள்ளும். நூறு வருடத்துக்கு முந்தைய மூளை இது, எனக்கு இன்றும் வியப்புதான். பிடி தளர்ந்தால் சரியாக வேலை செய்யாது, சேறு புகுந்தால் சிக்கும். அதனால் பிரிட்டிஷ் ராணுவம் இதை அதிகாரபூர்வமாக ஏற்கவே இல்லை. அபூர்வமாகிப் போனதற்கு அதுவே காரணம்.

ஆனால் பள்ளத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஜெர்மனியின் 1878 மவுசர் ரிவால்வரிலும் இதே மாதிரி பள்ளம் உண்டு. கைப்பிடிக்கு மேலே இடது பக்கம் சேஃப்டி நெம்புகோல் இருக்கிறதா பாருங்கள், ரிவால்வரில் அது அரிது, ஃபாஸ்பெரியில் உண்டு. ஆனால் அதை மட்டும் வைத்தும் முடிவு செய்துவிடாதீர்கள். .455 என்றால் ஆறு தோட்டா, .38 என்றால் எட்டு.

தயவுசெய்து புளி, உப்புத்தாள் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். வரிசை எண், பர்மிங்காம் சோதனை முத்திரை, விற்ற கடையின் பெயர் எல்லாம் அந்தக் கறுப்புப் பூச்சோடு போய்விடும். அன்றைக்கு அதிகாரிகள் கைத்துப்பாக்கியைச் சொந்தக் காசில்தான் வாங்கினார்கள். ஆர்மி அண்ட் நேவி போன்ற கடையின் பெயர் குழலுக்கு மேலே இருந்தால், உங்கள் தாத்தாவுக்கு யார் கை வழியாக வந்தது என்றுகூடத் தேடலாம்.

காரைக்குடிக்குக் கொண்டுபோகவே கூடாது. பழம்பொருள் என்றாலும் சுடக்கூடிய நிலையில், ஏன், பழுது பார்த்தால் சுடலாம் என்ற நிலையில் இருந்தாலும் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். தாத்தாவின் லைசென்ஸ் அவரோடு முடிந்தது. நீங்களே பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப் போகாமல், ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். வரிசை எண் எழுதிய ரசீதை மறக்காமல் வாங்குங்கள். வாரிசு என்ற முறையில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கவும், கிடைக்காவிட்டால் லைசென்ஸ் உள்ள டீலருக்கு விற்கவும் அந்த ரசீது தேவைப்படும்.